தோசுவின் வலது கால்

ஏழாவது சுற்றில் எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும், செத்தவருக்குச் சொந்தக்காரர், சொந்தமில்லாதவர், கைக்குழந்தை, கடைக்காரர், வேலியில் கட்டிப்போட்ட ஆடு உட்பட, அந்த ஆட்டைக்கூட யாராவது கொம்பைப் பிடித்து மறுபக்கம் திருப்பி வைப்பார்கள், அக்வேதோ ஊரில் விதி என்று இருந்தது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் கேட்டால் கொடுத்துவிடுகிற ஜனங்கள். அந்த ஒன்றைத்தான் நான் மீறினேன். அதையும் நேராக மீறவில்லை, புத்திசாலித்தனமாக மீறினேன், அதனால்தான் நாற்பத்தொரு நாள் நானூறு பேர் ஒரு நாற்சந்தியைச் சுற்றி மாட்டிக்கொண்டு கிடந்தோம், அந்த நானூறில் ஒருவர் செத்து மூன்று வருஷம் ஆனவர்.

என் பேர் அமலோற்பவம். புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரி. போட்டோகிராபர் என்று சொன்னால் கல்யாணமா காதுகுத்தா என்று கேட்பார்கள், இரண்டும் இல்லை, ஊர் ஊராகப் போய் ஜனங்கள் சாமி கும்பிடுவதையும் செத்தவர்களைக் கும்பிடுவதையும் படமெடுத்துப் புத்தகம் போடுகிறவள். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் முட்டிபோட வைத்துச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு பாஷை கையில் இருந்ததால், பாரிஸில் ஒரு பதிப்பகத்தார் என்னைப் பிடித்து, ஆப்பிரிக்காவின் மறைந்துவரும் சடங்குகள் என்று ஒரு புத்தகம் வேண்டும், பெனின் நாட்டுக்குப் போய்வா என்று அனுப்பினார்கள். போய் இறங்கிப் பார்த்தால் அங்கே எதுவும் மறைகிற மாதிரி தெரியவில்லை. செத்தவர்களின் அங்கியைக் காப்பாற்றி வைக்கிற கோஜோ, மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறவர், மஞ்சள் சட்டையும் காதில் போனுமாக வந்து என்னையும் என் மூன்று பைகளையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு காயல்கரையோரம் போய் இறக்கினார்.

அந்த ஊரில் செத்தவர் உடனே போய்விடுவதில்லை. மூன்று வருஷம், வருஷத்துக்கு ஒரு நாள், துணியாக வருவார். அவர் வீட்டார் ஒவ்வொருவரும் தங்கள் உடுப்பிலிருந்து கிழித்துக் கொடுத்த துண்டுகளை அடுக்கடுக்காகத் தைத்த பெரிய அங்கி அது, தலையும் தெரியாது, கையும் தெரியாது, காலில் வலைத்துணி உறை. மூன்றாவது வருஷம் வருவது விடைபெறுவதற்கு. நாற்சந்தியில் ஏழு சுற்றுச் சுற்றுவார், ஏழாவது சுற்றில் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, அங்கி வெறும் துணியாக மண்ணில் விழும், சத்தம் கேட்டதும் திரும்பி, அதைத் தாண்டி அவரவர் வீட்டுக்குப் போகலாம். அதுவரை யாரும் போகக் கூடாது. செத்தவரை நிறுத்திவிட்டு நாம் கிளம்புவது மரியாதை இல்லை என்பார்கள்.

"துணிக்குள்ளே இருக்கிறது யாரு?" என்று கோஜோவிடம் கேட்டேன். எல்லாப் போட்டோகிராபரும் கேட்கிற கேள்விதான்.

"தோசு."

"அது இல்லை மிஸ்யே, உள்ளே, துணிக்கு உள்ளே."

"தோசுதான் மதாம். படகோட்டி தோசு. காயலில் காய்ச்சலோடு போய் விழுந்தாரே, அவர்." சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். பிறகு என் கேமராவைப் பார்த்து, "ஆறு சுற்று உங்களுக்கு, எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க. ஏழாவது அவருக்கு," என்றார்.

ஆறு சுற்று எனக்கு முன்னால் வந்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல். ஏழாவது சுற்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருபத்து மூன்று வருஷமாக இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, எல்லாரிடமும் இருக்கிற ஆறோடு ஊர் திரும்புவதா? என்னைத்தானே முதுகைத் திருப்பச் சொன்னார்கள், கேமராவைச் சொல்லவில்லையே என்று மனசு கணக்காகப் பேசியது. நாற்சந்தியில் தையற்கடை வாசலில் மூன்றுகால் ஸ்டாண்டைப் போட்டு, அதில் சின்ன கேமராவை வைத்து, சத்தமில்லாமல் விட்டு விட்டுத் தானே படமெடுக்கும்படி செய்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி லென்ஸுக்கு மட்டும் வழிவிட்டேன். ஏழாவது சுற்றுக்கு முரசு மாறியதும் ஊரோடு சேர்ந்து நானும் ஒழுங்காகத் திரும்பி நின்றேன். என்னைவிட ஒழுங்காக யாரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

சத்தம் கேட்கவில்லை. முரசுக்காரர்கள் அடித்து ஓய்ந்தார்கள். ஒரு குழந்தை தும்மியது. காயலில் ஒரு படகு போய் மறைகிற நேரம் நின்றோம். கடைசியில் கோஜோ பின்பக்கமாகவே நடந்துபோய், கையால் துழாவி, துணி இன்னும் நிற்கிறது என்று சொன்னார். திரும்பிப் பார்த்தோம். தோசு நாற்சந்தி நடுவில் நின்றிருந்தார், பாதிச் சுற்றில், அங்கியின் விளிம்பு காற்றில் விசிறியபடியே விறைத்து, இடது கை உயர்ந்து, வலது கால் தரையிலிருந்து ஒரு முழம் மேலே தூக்கியபடி. அசையவில்லை. விழவும் இல்லை.

யாரும் அலறவில்லை. கோஜோ அவரை ஒருமுறை சுற்றிவந்தார். "யாரோ பார்க்கிறாங்க," என்றார். "பார்த்தாங்க இல்லை, இன்னும் பார்த்துக்கிட்டே இருக்காங்க. அதான் போக முடியாம நிக்கிறார்." பிறகு நாற்காலி கொண்டுவரச் சொன்னார், காத்திருக்க நேரும் என்று.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சேசு மரி சூசையே, அப்போதே வாயைத் திறந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றிச் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் நான் முதலில் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். அது என் ஆயுசுக்கும் ஒன்றாக வந்த படம். நானூறு முதுகு, நடுவே செம்மண் புழுதி எழ அந்த அங்கி அந்தரத்தில், ஒவ்வொரு துணித்துண்டும் ஒவ்வொரு பக்கம் போக நினைப்பது போல. பார்த்ததும் தொழில் பழக்கத்தில் மூன்று பிரதி எடுத்துவிட்டேன், கேமரா கார்டில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று, இடுப்புப் பையில் வைக்கிற சின்ன டிஸ்க்கில் ஒன்று. திரும்பி வந்ததும், "மதாம், உங்க கேமரா?" என்று கோஜோ கேட்டபோது, "ஆறோடு அணைச்சுட்டேன்," என்றேன். சரி என்று நம்பிவிட்டார். நம்பாமல் இருந்திருக்கலாம்.

அப்படித்தான் அக்வேதோவில் மாட்டிக்கொண்டோம், நானூறு பேரும். இரண்டாம் நாள் தோசுவின் மேல் பனி விழக்கூடாது என்று நான்கு கழி நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். மூன்றாம் நாள் மீன் லாரிகள் அவரைச் சுற்றிப் போகப் பழகின, நான்காம் நாள் ஒரு போலீஸ்காரர் வந்து அவரைச் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, சல்யூட் அடித்துவிட்டுப் போனார். பஜ்ஜி சுடுகிறவள் அடுப்பை அவர் நிழலுக்கு மாற்றினாள், நிழல் நகர நகர அடுப்பையும் நகர்த்தினாள், அவளைச் சுற்றி உட்கார்ந்து தின்கிறவர்களும் நகர்ந்தார்கள். தலைநகரத்திலிருந்து வந்து சிக்கிக்கொண்ட சுங்க அதிகாரி ஒருவர் அங்கேயே மேஜை போட்டுப் போனில் ஆபீஸ் நடத்தினார். பக்கத்து ஊரில் நடக்கவேண்டிய கல்யாணம் ஒன்று, மாப்பிள்ளை இங்கே மாட்டியிருந்ததால், பெண்ணை அழைத்துவந்து இங்கேயே நடந்தது. கணவன் மனைவி சண்டையென்றால் தோசுவின் முன்னால் வந்து நின்று பேசினார்கள், எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறவர் அவர் ஒருவர்தானே. யாரோ அவர் தூக்கிய கையில் குடையை மாட்டிவிட்டுப் போக, அவருடைய அக்கா அஃபி வந்து எடுத்து வீசி எறிந்து, தெருவே கேட்கும்படி வைதாள். பதினெட்டாம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது, அதற்கு இன்னும் போகவில்லை என்று பொருள் வருகிற பேரை வைத்தார்கள்.

என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பாஸ்போர்ட் என் பையில்தான் இருந்தது. தினமும் காலையில் பையைக் கட்டுவேன், வண்டிக்காரர்களைக் கேட்பேன், "தோசு கிளம்பட்டும் மதாம், அவரை விட்டுட்டு நாம கிளம்பினா நல்லாவா இருக்கும்?" என்று பணிவாகச் சொல்வார்கள், சாயங்காலம் பையை அவிழ்ப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் நடந்தே கிளம்பினேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. எனக்கானால் ஊரே முதுகுக்குப் பின்னால் எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. இரண்டு மைல் தாண்டி ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். செம்பை நீட்டிய அம்மாள், "தோசு போயிட்டாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நீங்க எங்கே போறீங்க?" என்றாள். வெறும் கேள்விதான், அதில் குத்தல் ஒன்றும் இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தேன்.

நான் பொய் சொல்லிவிட்டதால், பார்த்தது யார் என்கிற பேச்சு வேறு பக்கம் போயிற்று. ஊர்ப் பேச்சு போகிற இடம் எங்கும் ஒன்றுதான். தோசுவின் பெண்டாட்டி சேனாமி பார்த்திருப்பாள் என்றார்கள். ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவள், கடைசியாக ஒருமுறை பார்க்கத் தோன்றாதா, பாவம், பார்த்திருப்பாள். அஃபி மட்டும் பாவம் என்கிற வார்த்தையை விட்டுவிட்டுச் சொன்னாள்.

சேனாமிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். அந்த ஊரில் அங்கி விழுகிற வரைக்கும் விதவை வீடு மாறக் கூடாது, காயலைத் தாண்டக் கூடாது, மறுபடி யாரையும் கட்டிக்கொள்ளக் கூடாது. மூன்று வருஷம் அதை முடித்துவிட்டாள். காயலுக்கு அக்கரையில் படகு மோட்டார் ரிப்பேர் செய்கிற பாஸ்கால் என்பவன் புதுத் தகரம் போட்டு வீட்டைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான். புதுசாக வருகிறவன் விடையனுப்பும் சடங்கில் நிற்கக் கூடாது என்பதால் அவன் அக்கரையிலேயே இருந்தான். தினமும் நாலு மணிக்கு அங்கே ஒரு மோட்டாரைக் கிளப்பி, மூன்று தடவை உறும வைத்து நிறுத்துவான். இக்கரையில் சேனாமி செய்கிற வேலையை விட்டுவிட்டு நின்று கேட்பாள். அது அவர்களுக்குள் பேச்சு.

தோசுவின் தூக்கிய காலைப் பற்றி முதலில் கவலைப்பட்டவள் அவள்தான். மற்ற எல்லாரும் அவரைச் சுற்றிப் பிழைக்கப் பழகிக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தாள், உயரம் பத்தாமல் மேலே ஒரு தலையணையைத் திணித்தாள். மத்தியானம் வந்து வலைத்துணிக்கு மேலாகவே பனை எண்ணெய் தடவி நீவிவிடுவாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். குற்றமுள்ள நெஞ்சு குற்றம் செய்த இடத்தைவிட்டு நகராது போல. அவள் என்னைத் தங்கள் பாஷையில் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள், அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"உங்களுக்குப் புருஷன் இருக்காரா அக்கா?"

"செத்துப் பத்து வருஷம் ஆச்சு. சவரிநாதன்னு பேரு."

"யாரு அனுப்பி வெச்சா?"

"எங்க ஊர்ல அப்படி இல்லை. படத்தைப் பெரிசாப் போட்டுக் கூடத்துல மாட்டுவோம். மாலை போட்டு, ஒரு சின்ன சிவப்பு பல்பு எரியும். ராத்திரி பகல் எரியும்."

எண்ணெய்க் கை அப்படியே நின்றது. "எல்லாரும் பார்க்கிற இடத்துலயா?"

"ஆமா. வர்றவங்க போறவங்க எல்லாரும் பார்ப்பாங்க."

"பத்து வருஷமாவா?" என்றாள். "அவரு காலு எப்படி இருக்கு?"

"படத்துல மார்பு வரைக்கும்தான்," என்றேன்.

சேனாமி ஸ்டூலின் மேல் தலையணையைச் சரியாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "அப்ப உங்களுக்கே தெரியாது, எப்படி நிக்கிறாருன்னு," என்று சொல்லிவிட்டு மறுபடி நீவ ஆரம்பித்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இவள் யார் என் வீட்டுக் கூடத்தைப் பற்றிப் பேச என்று எழுந்து வந்துவிட்டேன்.

முப்பத்தாறாம் நாள் நாலு மணிக்கு அக்கரையில் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. அடுத்த இரண்டு நாளும் சேனாமி கரையில் போய் நின்றுவிட்டு வந்தாள். நாற்பதாம் நாள் கரைக்கே போகவில்லை. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, ஊர் மொத்தமும் நாலு மணிக்கு வாயை மூடிக்கொண்டு காது கொடுத்தது, நானும் என் அறையில் உட்கார்ந்து காது கொடுத்தேன்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை சேனாமி நாற்சந்திக்கு வந்து, சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று, சத்தமாகச் சொன்னாள். "நான்தான் பார்த்தேன். ஏழாவது சுற்றுல திரும்பிப் பார்த்துட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

கோஜோ அவளை உற்றுப் பார்த்தார். "நிஜமாவா?"

"நிஜம்."

பார்த்தவள் ஒப்புக்கொண்டால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். பார்த்தவள் பார்க்கப்பட்டவரோடேயே இருந்துவிட வேண்டும், அந்த வட்டத்தைத் தாண்டாமல், அவர் விழுகிற நாள் வரைக்கும், அது வராமலே போனாலும். மற்றவர்களுக்குக் கட்டு அவிழ்ந்துவிடும். யாரும் கைதட்டவில்லை, ஆனால் நாற்சந்தி முழுக்க ஒரு பெருமூச்சு போயிற்று, அது எனக்குக் கேட்டது. சுங்க அதிகாரி மேஜையை மடித்தார். பெண்கள் பாய்களைச் சுருட்டினார்கள். அஃபி மட்டும் தம்பியின் அங்கியைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள், இதைத்தான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாள், நடந்தபோது அவளுக்கே தாங்கவில்லை.

"முதல் வண்டி உங்களுக்குத்தான் மதாம்," என்றார் கோஜோ. "நாற்பத்தொரு நாள் எங்களோட கஷ்டப்பட்டீங்க."

நான் ஏறி உட்கார்ந்தேன். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது, ஏறி உட்கார்ந்துதான் விட்டேன், மூன்று பைகளோடும், இடுப்பில் அந்த டிஸ்க்கோடும். அவளே ஒப்புக்கொண்டாள், நானா சொல்லச் சொன்னேன் என்று மனசு மறுபடி கணக்காகப் பேசியது. ஊரைவிட்டுப் போகிற பாதை நாற்சந்தி வழியாகத்தான். வண்டி வட்டத்தைச் சுற்றித் திரும்பியபோது சேனாமி இன்னொரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அதே நீலம். அதைத் தோசுவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போட்டு, ஆடாமல் இருக்கிறதா என்று கையால் அமுக்கிப் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் சின்னக் கல்லை முட்டுக் கொடுத்து, உட்கார்ந்தாள். ரொம்ப வருஷம் உட்காரப் போகிறவள் பார்த்துப் பார்த்துப் போடுவது போலப் போட்டாள்.

"நிறுத்துங்க," என்றேன். கோஜோவுக்குக் கேட்கவில்லை. ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தேன், முட்டி சிராய்த்துவிட்டது.

"அவ பார்க்கலை. என் கேமரா பார்த்துச்சு. துண்டைப் போட்டு மூடி வெச்சேன். அணைச்சுட்டேன்னு பொய் சொன்னேன்," என்று கத்தினேன். பிரெஞ்சு பாதி, தமிழ் பாதி. தமிழ் யாருக்கும் புரியாது, ஆனாலும் அதுவாகத்தான் வந்தது. "அவ திரும்பவே இல்லை, படத்துல இருக்கு, பாருங்க, வேணுமானா இங்கேயே காட்டறேன்," என்று மடிக்கணினியைத் திறந்து தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன்.

நானூறு பேரும் ஒரே அசைவில் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். சேனாமியும் ஸ்டூலில் இருந்தபடியே திரும்பினாள். ஆட்டைக்கூட யாரோ திருப்பிவிட்டார்கள். ஏழாவது சுற்று அது, நிஜத்தில் பார்த்தால் என்ன, படத்தில் பார்த்தால் என்ன. அவள் பேரில் குற்றமில்லை என்று சொல்கிற சாட்சி என் கையில் இருந்தது, அதைப் பார்க்க அந்த ஊரில் ஒரு ஜோடிக் கண் கிடையாது, என்னுடையதைத் தவிர. அதனால் நானே பார்த்தேன். முன்வரிசையில் சேனாமியின் முதுகு. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது, கழுத்து விறைத்திருந்தது, திரும்பிவிடக் கூடாது என்று தன் தலையைத் தானே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் இந்தப் படத்தைத் தினமும் ரசித்துக்கொண்டிருந்தேன், அந்தக் கைகளை ஒருநாளும் பார்க்கவில்லை.

கண் பார்த்ததை அழிக்க முடியாது, கேமரா பார்த்ததை அழிக்கலாம், கார்டில் இருந்ததை அழித்தேன். எனக்குப் பின்னால் துணி உரசியது. தோசுவின் தூக்கிய கை தாழ்ந்திருந்தது. மடிக்கணினியில் இருந்ததை அழித்தேன். தலையணை அமுங்கி, நீல ஸ்டூல் கிறீச்சென்றது, கால் பாரத்தை இறக்கிவைத்துவிட்டது. அங்கி இன்னும் நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள். இருந்தது இரண்டு பிரதிதான் என்று அவர்களிடம் சொல்லிவிடலாம் போல இருந்தது, மூன்றாவது இருப்பது மாதாவுக்கும் எனக்கும்தான் தெரியும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் கை இடுப்புப் பையை மூடிக்கொண்டது.

"அக்கா," என்றாள் சேனாமி, திரும்பாமல். "இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்கு."

டிஸ்க்கை எடுத்து மாட்டினேன். ஒருமுறை பார்த்துவிட்டு அழிக்கலாம் என்று தோன்றியது, பார்க்காமல் அழித்தேன். அழித்துவிட்டு நானும் திரும்பி, அஃபியின் பக்கத்தில் போய், இந்த முறை துண்டு, கிண்டு, தந்திரம் எதுவும் இல்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கொடியிலிருந்து ஈரத்துணி விழுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அழுதேன், நானூறு பேரும் அழுதார்கள், சேனாமி எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள்.

பிறகு எல்லாரும் வரிசையாக அங்கியைத் தாண்டினோம். என்னை யாரும் வையவில்லை. ஒரு வாளித் தண்ணீரை மட்டும் தலையில் ஊற்றினார்கள், ஊற்றினது அஃபி, கொஞ்சம் பலமாகவே ஊற்றினாள். நாலு மணிக்கு அக்கரையில் மோட்டார் உறுமியது, மூன்று தடவை. கார்புரேட்டர் அடைத்துக்கொண்டதாம், ஐந்து நாளாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தானாம் அந்தப் புண்ணியவான். ஒரு கார்புரேட்டருக்காக ஒருத்தி ஆயுசைக் கொடுக்க இருந்தாள் என்று நான் திட்ட, சேனாமி ஈரக் கண்ணோடு சிரித்துக்கொண்டே படகில் ஏறினாள். கிளம்பும்போது, "உங்க வீட்டுக்காரரைப் பார்த்துக்கங்க அக்கா," என்றாள்.

புத்தகம் வந்தது. அதில் ஆறு சுற்று இருக்கிறது. ஏழாவது எங்கே என்று பாரிஸில் கேட்டார்கள், அது எனக்கில்லை என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே கூடத்தில் சவரிநாதனைப் பார்த்தேன். நான் எடுத்த படம்தான், அதைவிட நல்ல படம் அவருக்கு யாரும் எடுத்ததில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் கேமராவை அமுக்கிவிட்டேன், வாய் கொஞ்சம் திறந்திருக்கும். என்ன சொல்ல வந்தார் என்று அப்போது கேட்கவில்லை, படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷமாக அந்த வாயோடு நிற்கிறார்.

ஒரு மத்தியானம் கதவைச் சாத்தினேன். மாலையைக் கழற்றினேன், பல்பை அணைத்தேன். படத்தைச் சுவர் பக்கம் ஒருமுறை திருப்பி மறுபடி இந்தப் பக்கம் திருப்பினேன், அது ஒரு சுற்று. ஆறு சுற்று அப்படிச் சுற்றினேன், ஒவ்வொன்றுக்கும் அவரோடு பேசிக்கொண்டே சுற்றினேன். ஏழாவதற்குப் படத்தை ஆணியில் மாட்டிவிட்டு முதுகைத் திருப்பி நின்றேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. சேனாமி மாதிரி தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது, ஆணி லேசாக முனகியது. போய்விடுவார், இதோ போய்விடுவார் என்று இருந்தது.

நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அதே வாய். அதே படம். கொஞ்சம் கோணலாகத் தொங்கியது, அவ்வளவுதான். பல்பை மறுபடி போட்டேன். சாயங்காலம் நேரு வீதிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிவந்து படத்துக்கு நேர் கீழே, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறேன். எந்தக் கால் என்று தெரியாது, ஒரு யூகம்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் அதில் உட்காரப் போனால் வேண்டாம், நாற்காலியில் உட்காருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.